போடிமெட்டு ஏற்றத்தில் ‘கர்ர்ர்’... கியர் சத்தமும், மெஷினைப் பிரித்துப் படித்த ஜி.டி.நாயுடுவின் கதையும்!

சனிக்கிழமை காலை. போடிநாயக்கனூர் தாண்டி முந்தல் வந்தாச்சு. இனி போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் நண்பர்கள், டிக்கியில் லக்கேஜ், மூணாறு போகும் உற்சாகம். முதல் வளைவில் வண்டி மூன்றாவது கியரில் திணறுகிறது. கிளட்ச்சை மிதித்து இரண்டாவதுக்குத் தள்ளினால், ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கம்பியை அரத்தில் தேய்ப்பது போல. கியர் லிவர் கையில் அதிர்கிறது. கியர் விழவில்லை. பின்னால் வரும் ஏலத்தோட்ட ஜீப் ஹாரன் அடிக்கிறது.

கார் ஓட்டும் பலருக்கும் இது பழக்கமான அனுபவம்தான். பெரும்பாலானோர் செய்வது ஒன்றே ஒன்று: இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுவது. எப்படியோ கியர் விழுந்துவிடும். சத்தம் மறந்துபோகும், அடுத்த வளைவு வரும் வரை.

ஆனால், எந்திரம் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வாழ்நாள் முழுக்க நம்பிய ஒரு மனிதர் தமிழ்நாட்டில் இருந்தார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். அவருடைய முதல் பஸ் ஓடியது பழனிக்கு. தேனிக்காரர்கள் வடக்கே நிமிர்ந்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான் பழனி. பழனி மலைத்தொடரின் தெற்கு அடிவாரம் பெரியகுளம், வடக்கு அடிவாரம் பழனி. நடுவில் கொடைக்கானல்.

அவர்தான் ஜி.டி.நாயுடு. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட சுமார் 10 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டபோது, யார் இவர் என்று பலரும் கூகுளில் தேடினார்கள். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் காரின் ‘கர்ர்ர்’ சத்தத்தையும் புரிந்துகொள்ளலாம்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அம்மா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. அப்பாவின் தோட்டத்தில் வேலை பார்க்க ஆரம்பித்தார்.

அந்தக் காலத்துக் கிராமத்தில் படிப்பை விட்ட பையனுக்கு வாழ்க்கை அத்தோடு முடிவானதுதான்: காடு, மாடு, மழை. துரைசாமிக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். அதை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள்.

வருவாய்த் துறையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி அந்த வண்டியில் ஊருக்குள் வந்தார். மாடு இழுக்கவில்லை, குதிரை இழுக்கவில்லை, ஆனால் வண்டி ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். துரைசாமிக்கு மட்டும் ஆச்சரியத்தோடு நிற்கவில்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது.

வாங்கினார்... பிரித்துப் போட்டார்!

வண்டி வாங்கக் காசு வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பி கோவைக்கு வந்தார். ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலை. டேபிள் துடைத்து, இட்லி பரிமாறி, சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார். சில ஆண்டுகள் இப்படியே ஓடின. போதுமான பணம் சேர்ந்ததும் அந்த அதிகாரியிடம் போய் வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார். அது ‘ரட்ஜ்’ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மோட்டார் சைக்கிள், 1912 மாடல்.

இன்றைக்கு முதல் பைக் வாங்கினால் என்ன செய்வோம்? ஒரு ரவுண்டு, ஒரு ரீல்ஸ். அவர் செய்தது வேறு. வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். மறுபடி மாட்டினார். மறுபடி பிரித்தார். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது, யூடியூப் கிடையாது. தப்பாக மாட்டினால் வண்டி ஓடாது, அவ்ளோதான். ஓடாத வண்டிதான் அவருடைய வாத்தியார்.

இந்தப் பழக்கம்தான் பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். பழுது என்றால் பயப்படக் கூடாது, பழுது என்பது ஒரு தகவல். எந்தப் பாகத்தில் என்ன சிக்கல் என்பதை எந்திரமே காட்டிக்கொடுக்கும்.

பருத்தியில் ஏற்றம், பம்பாயில் சறுக்கல்

மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் மெக்கானிக் ஆனார், பஸ் முதலாளி ஆனார் என்று கதையைச் சுருக்கிவிட முடியாது. நடுவில் ஒரு பெரிய விழுதல் இருக்கிறது.

முதல் உலகப் போர் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம். அந்தத் தைரியத்தில் பெரிய மார்க்கெட்டான பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்தார். அங்கே இருந்த பெரிய வியாபாரிகளோடு போட்டி போட முடியவில்லை. சம்பாதித்ததை இழந்து ஊர் திரும்பினார்.

வயது 20-களின் நடுப்பகுதி. படிப்பு இல்லை, முதலும் போய்விட்டது. கையில் மிச்சமிருந்தது அந்த ஒரே விஷயம்தான்: மோட்டார் வண்டி எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு. அதை நம்பிக் கை கொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு ஒரு பஸ் வந்தது.

1920: பொள்ளாச்சி டு பழனி

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றைப் பஸ் ஓட ஆரம்பித்தது. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 27.

இங்கேதான் நம் ‘கர்ர்ர்’ கதைக்குள் வருகிறது.

இன்றைய காரில் கிளட்ச்சை மிதித்து லிவரைத் தள்ளினால் கியர் வழுக்கிக்கொண்டு விழும். 1920-ல் எந்த வண்டியிலும் அப்படிக் கிடையாது. அப்போதைய கியர் பாக்ஸில் பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று கோக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கோத்தால் பல்லோடு பல் மோதும். சுற்றுகிற இரண்டு ராட்டினங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது போலத்தான். இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால் சும்மா கால் எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் அடிபடும்.

ஓர் உதாரணம். மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் வண்டி ஓடும்போது இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டுமென்றால், எஞ்சின் சுமார் 2,900 சுற்றுக்கு வர வேண்டியிருக்கும். இந்த 900 சுற்று இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும். அன்று அதை நிரப்பியது டிரைவரின் காலும் காதும்.

அந்த வித்தைக்குப் பெயர் டபுள் கிளட்ச். ஒருமுறை கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சின் வேகத்தை ஏற்ற வேண்டும். சத்தம் சரியான இடத்துக்கு வந்ததும் மறுபடி கிளட்ச்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். டேகோமீட்டர் எல்லாம் கிடையாது. எஞ்சின் பாடுகிற சுருதிதான் மீட்டர். நம்மூரில் பழைய லாரி, பஸ் ஓட்டிய தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள், கால் தானாக இரண்டு தடவை ஆடும்.

அந்தக் காலத்தில் பஸ் ஓட்டிய எல்லோரையும் போலவே நாயுடுவும் அப்படித்தான் ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் மற்ற டிரைவர்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம். சத்தம் தப்பாக வந்தால் உள்ளே எது தப்பு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

ஒரு பஸ், ஒரு கம்பெனி ஆனது

ஒன்று இரண்டானது, இரண்டு பலவானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். கோவை வட்டாரத்தில் ஒரு காலத்தில் பஸ் என்றாலே யு.எம்.எஸ்தான். நாட்டிலேயே திறமையாக நடத்தப்பட்ட பஸ் கம்பெனிகளில் ஒன்றாக அது பேர் வாங்கியது.

மலைக்குத் தெற்கே, தேனி அப்போது சேர்ந்திருந்த மதுரைச் சீமையிலும் இதே மாதிரி ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், 1911-ல் கம்பெனி ஆரம்பித்து, 1912-ல் பஸ் விட்டு, மதுரையை மையமாக வைத்து டி.வி.எஸ் சாம்ராஜ்யத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். தென் தமிழகத்துக் கிராமங்களுக்கு நேரத்துக்கு வண்டி வரும் என்ற நம்பிக்கையை உருவாக்கியதில் இந்த இருவருக்கும் பெரிய பங்கு உண்டு.

நேரத்துக்கு வண்டி வர வேண்டுமென்றால், டிரைவர் வேகமாக ஓட்டினால் போதாது. வண்டி வழியில் நிற்கக் கூடாது. அதற்கு, பழுது வந்த பிறகு பார்ப்பதைவிட வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். நாயுடுவின் மூளை இந்தப் பக்கம்தான் வேலை செய்தது. ரேடியேட்டர் கொதிப்பதைச் சமாளிக்க ஒரு வழி, எஞ்சின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி என்று அவர் பெயரில் சொல்லப்படும் ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகள் பஸ் ஷெட்டில் பிறந்தவை. ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தவை அல்ல, தினமும் ரோட்டில் கண்ட சிக்கலுக்குத் தேடிய விடைகள்.

1928-ல் என்ன நடந்தது?

நாயுடுவின் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் கார்களில் 1928-ல் ஒரு புது விஷயம் வந்தது: சின்க்ரோமெஷ். ஏர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு. இன்று உங்கள் காரில் இருப்பது அதன் வாரிசுதான்.

இதில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றும். நீங்கள் கியர் போடும்போது நகர்வது ஸ்லீவ் என்ற ஒரு வளையம். அது கியரோடு பூட்டிக்கொள்ளும் முன், நடுவில் இருக்கும் சின்க்ரோ ரிங் கியரோடு லேசாக உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். பெரும்பாலும் பித்தளையில் செய்யப்படும் சின்ன வளையம். அந்தக் காலத்து டிரைவர் காதாலும் காலாலும் செய்த வேலையை, ஒரு நொடிக்குள் அது செய்து முடிக்கிறது.

ஆக, இன்று ‘கர்ர்ர்’ சத்தம் வருகிறது என்றால் அர்த்தம் இரண்டில் ஒன்று. கிளட்ச் எஞ்சினை முழுசாகப் பிரிக்கவில்லை. அல்லது, அந்தக் குட்டி வளையம் தன் வேலையைச் செய்யவில்லை. எது என்று கண்டுபிடிக்க கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலிலேயே நாயுடு பாணியில் விசாரிக்கலாம்.

உங்கள் கார் என்ன சொல்கிறது? 5 சோதனைகள்

1. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுகிறதா? பிறகு எஞ்சினை ஆன் செய்து, கிளட்ச்சை முழுசாக மிதித்துப் போடுங்கள். இப்போது மட்டும் எல்லா கியரும் அடம்பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மேல். ஆஃப் செய்தும் விழவில்லை என்றால் கியர் கேபிள் அல்லது லிங்கேஜைப் பார்க்க வேண்டும்.

2. நின்ற இடத்தில் கிளட்ச்சை மிதித்து மூன்று, நான்கு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கர்ர் என்றால் கிளட்ச் பிரியவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. எனவே வண்டி முழுசாக நிற்கும் முன் ரிவர்ஸ் போட்டு வரும் சத்தம் வண்டியின் தப்பு இல்லை, உங்கள் அவசரத்தின் தப்பு.

3. ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வருகிறதா? இரண்டாவதில் மட்டும், அல்லது மூன்றாவதில் மட்டும்? அப்படியென்றால் அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

4. அதே கியரை டபுள் கிளட்ச் செய்து போட்டுப் பாருங்கள். போக்குவரத்து இல்லாத சமமான சாலையில் மட்டும். ரிவர்ஸ் சோதனையில் கிளட்ச் பாஸாகி, இங்கே சத்தம் காணாமல் போனால், நோய் சின்க்ரோவில்தான். அதன் வேலையை இப்போது நீங்கள் செய்துவிட்டீர்கள், அதனால்தான் அமைதி. நூறு வருஷத்துக்கு முந்தைய வித்தை இன்று ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி வேலை செய்கிறது.

5. நியூட்ரலில் ஒரு இரைச்சல், கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறது என்றால் அது கியர் பாக்ஸ் பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இவை வேறு வியாதிகள். ‘கர்ர்ர்’ உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

கிளட்ச் பிரச்சினை என்றதும் பிளேட் போயிடுச்சு, மாத்தணும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தேய்ந்த பிளேட் வழக்கமாக நழுவும். எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. கியர் உரசுவது அதற்கு நேர் எதிர்: பிளேட் விடுபட மறுக்கிறது.

எனவே சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு தடுக்கிறதா? கேபிள் கிளட்ச் என்றால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறதா? ஹைட்ராலிக் என்றால் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா, சிலிண்டரில் கசிவு இருக்கிறதா? இதெல்லாம் சரி என்றால்தான் பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் பக்கம் போக வேண்டும்.

கியர் ஆயிலையும் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தாலும், தப்பான கிரேடு ஊற்றியிருந்தாலும் சின்க்ரோ ஒழுங்காக வேலை செய்யாது. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான். சின்க்ரோ ரிங்தான் காரணம் என்று உறுதியானால் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும். அது பெரிய வேலை. இறக்குவதோ இறக்குகிறோம், கிளட்ச் செட்டும் தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதானே?

மோட்டார், ரேஸர், ஓட்டு மெஷின்...

மறுபடி நாயுடுவிடம் வருவோம். பஸ் கம்பெனியோடு அவர் நிற்கவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார். போகிற இடமெல்லாம் கையில் கேமரா. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர்களில் இவரும் ஒருவர். அதே காலகட்டத்தில் மாகாணத் தேர்தலில் நின்றார், தோற்றார்.

1937-ல், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவை பீளமேட்டில் எலெக்ட்ரிக் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அது அறியப்படுகிறது. இன்று பம்ப் செட் என்றால் கோவை என்று கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்ட விவசாயி வரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கான விதைகளில் ஒன்று அங்கே விழுந்தது.

பட்டியல் இன்னும் நீளம். பேட்டரியில் ஓடும் ‘ரேஸன்ட்’ ஷேவிங் ரேஸர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு மெஷின். 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். விவசாயத்தையும் விடவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பருத்திச் செடிகளைப் பார்க்க விஞ்ஞானிகள் அவர் தோட்டத்துக்கு வந்தார்கள். அவரை மதித்தவர்களில் சர் சி.வி.ராமனும் ஒருவர்.

‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பாடம் எடுக்க வந்தவர், பாதியில் வெளியேறினார்

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகினார். கவனம் கல்வி பக்கம் திரும்பியது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், 1945-ல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் அவை இயங்கின. கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. ஆனால் அவிநாசி சாலையில் பஸ் கண்டக்டர்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் குரல் கொடுக்கிறார்கள்.

அங்கே ஒரு மோதல் வந்தது. பொறியியல் படிக்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே ஆண்டுகள் போதும் என்பது நாயுடுவின் கட்சி. நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதைவிட, எந்திரத்தின் முன்னால் நின்று கைகளில் கிரீஸ் படியக் கற்பது சீக்கிரம் ஏறும் என்று அவர் நினைத்தார். ரட்ஜ் வண்டியிடம் கற்றவர் வேறு எப்படி நினைப்பார்? பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து வெளியேறினார்.

இந்த வாதத்தில் யார் சரி என்பது இன்றும் முடியாத விவாதம். டிகிரி இல்லாமல் அதிர்வை வைத்தே பழுதைச் சொல்லும் மெக்கானிக்கையும் நாம் பார்க்கிறோம். அடிப்படைக் கோட்பாடு தெரியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறவரையும் பார்க்கிறோம். நாயுடு கேட்டது கோட்பாடு வேண்டாம் என்று அல்ல. அதைக் கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றுதான்.

வராமல் போன 2,000 ரூபாய் கார்

1952-ல் நாயுடு ஒரு காரோடு வந்தார். பெட்ரோலில் ஓடும், இரண்டு பேர் உட்காரும் சின்ன கார். விலை 2,000 ரூபாய். சாதாரண ஆளும் கார் வாங்கலாம் என்ற கனவு. ஆனால், தயாரிக்க அரசு லைசென்ஸ் தரவில்லை. தொழில் தொடங்க அனுமதி, இறக்குமதிக்கு அனுமதி, விரிவாக்க அனுமதி என்று எல்லாவற்றுக்கும் டெல்லியின் கையெழுத்து தேவைப்பட்ட காலம் அது. கார் ரோட்டுக்கு வரவே இல்லை.

வரி விஷயத்திலும் அவருக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் காலத்திலும் சரி, சுதந்திர இந்தியாவிலும் சரி. ஒரு கட்டத்தில், எதிர்ப்பைக் காட்டத் தன் படைப்புகளைத் தானே பொதுமக்கள் முன்னால் உடைத்துப் போட்டார். பிரித்து, மறுபடி மாட்டுவதற்காகவே வாழ்ந்த மனிதர், மறுபடி மாட்டவே முடியாதபடி உடைத்தது அந்த ஒருமுறைதான் மனசை உறுத்துகிறது.

அவர் பிடிவாதக்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் வளைந்துகொடுத்திருந்தால் ஒரு பெரிய தொழிற்சாலை வந்திருக்கும் என்பவர்கள் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். எந்திரத்தோடு பேசத் தெரிந்தவருக்கு, ஃபைல்களோடு பேசும் பொறுமை இல்லை. எந்திரம் காரணம் சொல்லும். ஃபைல் பல நேரம் காரணம் சொல்லாது.

1974 ஜனவரி 4-ல் ஜி.டி.நாயுடு காலமானார். வயது 80. கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரிலான கண்காட்சிக் கூடத்தில் அவர் சேகரித்ததும் உருவாக்கியதுமான பொருட்களை இன்றும் பார்க்கலாம். பழைய கார்களுக்கென்று தனி மியூசியமே 2015-ல் அங்கே திறக்கப்பட்டது. சர்வர் வேலை பார்த்து வாங்கிய அந்த ரட்ஜ் வண்டியும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

மலை ஏறும் முன்...

போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு, மேகமலை. தேனி மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலைப்பாதை இருக்கிறது. தினமும் விடிகாலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் இவற்றில் ஏறுகின்றன. வார இறுதியில் சுற்றுலா கார்கள். இந்தப் பாதைகளில் கியர் என்பது சௌகரியம் இல்லை, பாதுகாப்பு.

ஏறும்போது கியர் விழவில்லை என்றால் வண்டி நிற்கும், சங்கடம், அவ்வளவுதான். இறங்கும்போது விழவில்லை என்றால் வண்டி நியூட்ரலில் உருளும். எஞ்சின் பிடிமானம் போய்விடும். மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும். அடுத்த வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அப்புறம் கேள்வி.

அதனால் மலை ஏறும் முன் இவற்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்:

* சமவெளியில் லேசாகக் கேட்கும் கியர் உரசலை, பாரத்தோடு மலை ஏறும் முன்பே காட்டிச் சரிசெய்துவிடுங்கள்.
* வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் குறைக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றிவிட்டுத் திரும்புங்கள்.
* எந்தக் கியரில் ஏறினீர்களோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.
* கியர் விழவில்லை என்றால் முட்டித் தள்ளாதீர்கள். நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள். அதே பழைய டபுள் கிளட்ச்.
* ஓட்டும்போது கியர் லிவர் மேல் கையை வைத்தபடியும், கிளட்ச் மேல் காலை வைத்தபடியும் ஓட்டுவதை விடுங்கள். இரண்டும் உள்ளே இருக்கும் பாகங்களைத் தேய்க்கும்.

ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் என்று கார்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. இன்னும் சில வருஷத்தில் ‘கர்ர்ர்’ சத்தத்தையே கேட்காத ஒரு தலைமுறை வண்டி ஓட்டும். ஆனால் அந்த வண்டியும் ஏதோ ஒரு சத்தம் போடும், ஏதோ ஒரு விளக்கு எரியும். அப்போதும் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். பாட்டு சவுண்டைக் கூட்டி வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. ஓரமாக நிறுத்தி, அது ஏன் வருகிறது என்று பார்ப்பவர்கள் இன்னொரு வகை.

கலங்கல் கிராமத்துப் பையன் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த முறை முந்தல் தாண்டி முதல் வளைவில் சத்தம் கேட்டால், நீங்கள் எந்த வகை என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.